ரெட்டைப் பனை, மூணாவது ஊடு

போன மாதம் எங்கள் பல்கலைக்கழகக் கேன்டீனில் இரண்டு டீ சொன்னேன். மாஸ்டர் கையை மட்டும் ஆட்டினார். எனக்கு அது போதவில்லை. "இன்னா சொன்னேன், திருப்பிச் சொல்லு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "ரெண்டு டீ சார், இதுக்கு ஒரு பரீட்சையா?" என்றார். பக்கத்தில் நின்ற உதவிப் பேராசிரியர் ஆனந்தி சிரித்தார். "ஏன் சார் எல்லாரையும் எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்ல வைக்கிறீங்க? அதையே ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்களேன்" என்றார். பாதிக் கதையை அவர் கண்ணால் பார்த்தவர். மீதியைக் கேட்கிறார் என்று புரிந்தது.

இந்த ஆண்டோடு பல்கலைக்கழகத்தையும் விட்டாயிற்று. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பாடத்திட்டத்தில், நிலத்தை இரும்புச் சங்கிலியால் அளக்கும் சங்கிலி அளவையை எடுத்துவிட்டார்கள் என்று பழைய மாணவர்கள் எனக்குப் போன் செய்து துக்கம் விசாரிக்கிறார்கள். எனக்கு ஒரு துக்கமும் கிடையாது. அந்தச் சங்கிலி வெயிலில் கையைச் சுடும், முள்ளில் மாட்டும், மழை பட்டால் துருப்பிடிக்கும். போய்த் தொலையட்டும். என் துக்கம் வேறு.

நான் வேப்பம்பட்டுக்காரன். பள்ளிக்கூடம் முடித்ததும் பட்டாளத்தில் சேர்ந்தேன். கணக்கு வரும் என்று தெரிந்ததும் பீரங்கிப் படையில் சர்வேயர் வேலைக்குத் தள்ளிவிட்டார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், திட்டு வாங்கினோம், முக்கோணம் முக்கோணமாகப் போட்டோம். பீரங்கி எந்த இடத்தில் நிற்கிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் குண்டு விழவேண்டிய இடத்தில் விழும். அந்த இடத்தை முன்கூட்டியே போய் அளந்து குறிப்பது எங்கள் வேலை. ஓர் எண்ணைத் தப்பாகக் கேட்டால் நம் ஆட்கள் தலையிலேயே குண்டு விழும்.

அதனால்தான் திருப்பிச் சொல்வது. டேப்பின் ஒரு முனையில் இருப்பவன் அளவைக் கூவுவான். மறுமுனையில் இருப்பவன் அதையே திருப்பிக் கூவ வேண்டும். கூவியவன் கேட்டுவிட்டு "சரி" என்பான். அந்த "சரி" வந்த பிறகுதான் பென்சில் காகிதத்தைத் தொடும். பிசகினால் "தப்பு, மறுபடி" என்பான். மறுபடி முதலிலிருந்து.

எங்கள் சுபேதார் கோவிந்தசாமி ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் சுபேதார் என்றால் கத்துவார் என்று நினைப்பீர்கள். இவர் கத்தியதே இல்லை. யாராவது திருப்பிச் சொல்ல மறந்தால் பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொள்வார். பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வெயிலோ பனியோ, நாங்களாக உணர்ந்து திருப்பிச் சொல்லும்வரை அந்தப் பென்சில் காதைவிட்டு இறங்காது. திட்டு வாங்கியிருந்தால்கூடச் சீக்கிரம் முடிந்திருக்கும். இன்னொன்றும் சொல்வார்: "கண்ணால பார்த்ததை மட்டும் எழுது. பாக்காததை நீ எழுதினா அது அளவு இல்ல, ஆசை." இந்த வார்த்தை பின்னால் என்னை எவ்வளவு படுத்தப் போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

டேப்பின் மறுமுனையில் எனக்கு எப்போதும் தணிகாசலம்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எங்கள் ரயில் பாதையிலேயே, கொரட்டூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ஓர் ஏரிக்கரையில் அவர் வீடு. எந்த ஏரி என்று எழுதமாட்டேன், இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. அவர் அப்பா காலம்வரை பிறர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அவர் என்னை மச்சான் என்பார், நான் அவரைக் கிண்டலாக அண்ணாத்தே என்பேன். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. லீவில் போனபோது மனைவி சரோஜாவை டேப் பிடிக்கவைத்து வீட்டு மனையை அளந்தாராம். "ஒன்னைவிட கரெக்டா திருப்பி சொல்லுது மச்சான்" என்று என்னிடம் பெருமை அடித்துக்கொள்வார்.

எழுபத்தொன்று டிசம்பர். மேற்கு எல்லை. ஒரு கால்வாய் ஓரத்தில் புதிய பீரங்கி நிலையைக் குறிக்க விடியலில் எங்கள் சிறு குழு முன்னால் போனது. இரவோடு இரவாக நம் படை பின்வாங்கியதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பனி மூட்டத்தில் டேப்பின் மறுமுனை தெரியவில்லை. நான் அளவைக் கூவினேன். அப்போதுதான் குண்டு விழுந்தது. காது அடைத்துவிட்டது. மண் எல்லாம் அடங்கிய பிறகு பனிக்குள்ளிருந்து தணிகாசலத்தின் குரல் வந்தது. நான் சொன்ன அளவை ஒன்றுகூடப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான், "காலு போச்சு மச்சான்" என்றார்.

சுபேதார் எனக்குப் பின்னால் குப்புறக் கிடந்தார். பென்சில் காதிலேயே இருந்தது. தணிகாசலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பியபோது எங்களைச் சுற்றித் துப்பாக்கிகள் நின்றன. இருவரும் பிடிபட்டோம்.

கைதி முகாமைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். அடித்தார்களா என்று பையன்கள் கேட்பார்கள். ஆரம்பத்தில் அடித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். குளிர்தான் விடவில்லை. தணிகாசலத்தின் காலை எடுக்கவில்லை, ஆனால் புண் ஆறவும் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி ஒரு நாள் சொன்னார்: "மச்சான், ரெண்டு பேர்ல எவன் மொதல்ல ஊருக்குப் போறானோ, அவன் இன்னொருத்தன் ஊட்ல போய் சொல்லணும். வழி சொல்றேன், திருப்பி சொல்லு."

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் இதுதான் எங்கள் வேலை. அவர் சொல்வார்: "ஸ்டேஷன்ல எறங்கு. கேட்டைத் தாண்டு. ஏரிக்கரை மேல ஏறு. ரெட்டைப் பனை வரும். அங்க எறங்கினா மூணாவது ஊடு. வாசல்ல முருங்கை. நாய் கீது, கடிக்காது, கொலைக்கும்." நான் திருப்பிச் சொல்வேன். பெரும்பாலும் நாயை விட்டுவிடுவேன். "தப்பு. நாயை உட்டுட்ட. மறுபடி" என்பார். "நாய் என்ன அடையாளமா அண்ணாத்தே, அது நாலு இடத்துக்குப் போகுமே" என்று சண்டை போட்டிருக்கிறேன். "அது எங்கியும் போவாதுடா. நான் வர்றவரைக்கும் வாசல்லதான் குந்திக்கினு இருக்கும்" என்பார். என் வேப்பம்பட்டு வழியை அவரும் அப்படியே ஒப்பிப்பார்.

அடுத்த குளிர் வருவதற்குள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. புண் மேலே ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு காலையில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். "ஆஸ்பத்திரி" என்றான் காவலாளி. தணிகாசலம் கையைத் தூக்கி, "சொல்லு" என்றார். நான் வழியைச் சொன்னேன், நாயையும் சேர்த்து. "சரி" என்றார். வண்டி போய்விட்டது. அவர் திரும்பி வரவில்லை. கேட்டபோதெல்லாம் "ஆஸ்பத்திரி" என்பது தவிர வேறு பதில் இல்லை. எங்களை விடுவித்த அன்று பெயர் கூப்பிட்டார்கள். அவர் பெயரைக் கூப்பிடவில்லை.

ஊர் வந்ததும் அம்மா வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு நேராக அங்கே போனேன். ஸ்டேஷன், கேட், கரை, ரெட்டைப் பனை. மூன்றாவது வீட்டு வாசலில் முருங்கை நின்றது. நாய் குலைத்து ஊரையே கூட்டியது. எனக்கு அழுகை அங்கேயே வந்துவிட்டது. உள்ளேயிருந்து வந்த சரோஜா அண்ணி என் முகத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

நடந்ததை எல்லாம் சொன்னேன், நாயை விட்டுவிட்டு வழி ஒப்பித்து மாட்டிக்கொண்டதைக்கூட. கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "செத்ததை நீ பாத்தியா தம்பி?"

"இல்ல அண்ணி. பாக்கல."

"அப்ப சொல்லாத."

அவ்வளவுதான். பொய்யாகவாவது பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் அழுது தீர்த்துவிட்டு வேறு வாழ்க்கை பார்த்திருக்கும் என்று என் அம்மா சாகும்வரை என்னைத் திட்டினாள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று அரசாங்கம் காகிதம் அனுப்பியது. அண்ணி கையெழுத்துப் போட்டார், பொட்டை மட்டும் எடுக்கவில்லை. அவரைப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்து, மகளைப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தவர். ஒன்றில் மட்டும் பிடிவாதம். வீடு மாறமாட்டார். மகள் எத்தனையோ முறை அம்பத்தூருக்குக் கூப்பிட்டாள். "அந்தாளுக்கு இந்த வழிதான் தெரியும். வந்து பூட்டைப் பாத்துட்டு எங்க போவாரு?" என்பார். ஓலை ஓடாகி, ஓடு தளமாகியது. வாசல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நாய் செத்தது. இன்னொரு நாய் வளர்க்கவில்லை.

நான் பட்டாளத்தில் காலம் முடித்து, நில அளவைத் துறையில் சேர்ந்தேன். மாலை நேரங்களில் தபால் வழியாகப் படித்துப் பொறியியல் பரீட்சைகளைத் தட்டுத்தடுமாறித் தாண்டினேன். அதுதான் பின்னால் பல்கலைக்கழக வேலைக்கு வழிவிட்டது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கரை ஏறி அண்ணியைப் பார்த்துவிட்டு வருவேன். "இன்னா தம்பி, சேதி ஏதாவது?" என்பார். "இல்ல அண்ணி" என்பேன். பிறகு காபி வரும்.

துறையில் என் கடைசிக் காலத்தில்தான் அந்த ஏரி என் மேசைக்கு வந்தது. ஏரியின் எல்லையை அளந்து கல் நட வேண்டும், உள்ளே விழும் வீடுகளை அகற்ற வேண்டும் என்று உத்தரவு. பழைய வரைபடத்தை விரித்ததுமே அண்ணியின் வீடு எந்தப் பக்கம் விழும் என்றுதான் தேடினேன். என் மேலதிகாரி நல்ல மனுஷன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீ போகவேண்டாம்யா, வேற ஆளை அனுப்பறேன். நீ போனா உனக்கும் கஷ்டம், அளவுக்கும் கஷ்டம்" என்றார். இரண்டு நாள் யோசித்தேன். வேறு ஒருவர் அளந்தால் அண்ணி நம்பமாட்டார். யாரோ காசு வாங்கிக்கொண்டு கோட்டை நகர்த்திவிட்டார்கள் என்று சாகும்வரை கோர்ட்டுப் படி ஏறுவார். நானே போகிறேன் என்றேன்.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. மண்ணை வாரித் தூற்றினார்கள். என்னோடு வந்த உதவியாளர்கள் ஜீப்பை விட்டு இறங்கவே பயந்தார்கள். டேப்பை விரித்துக்கொண்டு நான் மட்டும் நின்றேன். அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"குடு. நான் புடிக்கிறேன்."

"வேணாம் அண்ணி."

"எனக்குத் தெரியாதா? அவுரு அளந்தப்பவும் நான்தான் புடிச்சேன். குடு."

டேப்பின் முனையைத் தன் வீட்டுச் சுவரில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் எல்லைப் புள்ளியில் நின்று அளவைக் கூவினேன். கூட்டம் சத்தம் போட்டது. அதற்கு மேல் அண்ணியின் குரல் கேட்டது, நான் சொன்ன எண்ணை அப்படியே திருப்பிச் சொன்னது. "சரி" என்று சொல்லிவிட்டு எண்ணை எழுதினேன்.

"ஊடு உள்ள கீதா, வெளிய கீதா?" என்று கேட்டார்.

"உள்ள அண்ணி. முழுசா ஏரிக்குள்ள."

"அளவு சரிதானே?"

"சரிதான்."

டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அன்று காபி வரவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் அளவுகள் எடுத்திருக்கிறேன். அது ஒன்று தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் இரவில் நினைத்துக்கொள்கிறேன்.

அளந்தது ஒரு காலம், இடித்தது ஒரு காலம். வழக்கு இழுத்தது. பெருவெள்ளம் வந்து அம்பத்தூர் ஆவடி எல்லாம் மிதந்த பிறகு வேலை வேகம் பிடித்தது. அதற்குள் நான் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தேன். ஜேசிபி வருவதற்கு முந்தைய நாள் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு புள்ளி அழியப் போகிறது என்று தெரிந்தால், அழியாத மூன்று பொருள்களிலிருந்து அதன் தூரத்தை எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். சாட்சி அளவு என்போம். கல்லைப் பிடுங்கினாலும், மேலே தார் போட்டாலும், அந்தப் புள்ளியை மறுபடி பிடித்துவிடலாம். மதகுக் கல், மின்சார டவரின் அடி, அம்மன் கோயில் சுவர் மூலை. மூன்றிலிருந்தும் அண்ணியின் வாசற்படிக்கு அளந்தேன்.

"போவப்போற ஊட்டை இன்னாத்துக்கு தம்பி அளக்கற?" என்றார், பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே.

"போகப்போறதாலதான் அண்ணி."

பூந்தமல்லி தாண்டி அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு ஒரு வீடு ஒதுக்கினார்கள். மகள் தன்னோடு வரச் சொன்னபோது, "அது ஓன் புருசன் ஊடு. இது என் பேர்ல கீது. தேடினா பேராவது கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு அங்கே போனார். ஏரியைத் தூர் வாரினார்கள், கரையை அகலப்படுத்தினார்கள். ரெட்டைப் பனையும் போயிற்று.

இரண்டு கோடைக்கு முன்னால் அண்ணி போன் செய்தார். மூச்சு வாங்கியது. "தம்பி, ஏரி வத்திக் கீதாமே. என்னை ஒருக்கா ஊட்டாண்ட இட்டுகினு போ" என்றார். எனக்கும் கண் மங்கிவிட்டதால் ஆனந்தியைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவர் தன் மின்னணு அளவைக் கருவியையும் அதன் கம்பையும் கொண்டுவந்தார். டேப்பைவிட அது எவ்வளவோ மேல், முணுமுணுக்காமல் தூரத்தைக் காட்டிவிடும். மனப்பாடமாக இருந்த மூன்று அளவுகளைச் சொன்னேன். வெடித்துக் கிடந்த சேற்றுத் தரையில் ஆனந்தி கம்பை நகர்த்தி நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினார். மூன்றும் ஒன்றாய்க் கூடின. சுற்றிலும் எதுவுமே இல்லை, ஒரு செங்கல்கூட இல்லை.

அண்ணியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து நிறுத்தினேன். "இதான் அண்ணி வாசப்படி."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முருங்கை நின்ற பக்கம் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, எதிரே யாரோ நிற்பதைப்போல உரத்த குரலில் பேச ஆரம்பித்தார்.

"இந்தாய்யா, நல்லா கேட்டுக்க. ஊடு இங்க இல்ல. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு வா. அங்கேர்ந்து இன்னொரு பஸ் புடி. தண்ணி டேங்காண்ட எறங்கு. பி பிளாக்கு. மூணாவது மாடி. மூணாவது ஊடு. லிஃப்ட் ஓடாது. ஓன் காலுக்கு ஏற முடிலன்னா கீழ நின்னு கொரல் குடு, நான் எறங்கி வரேன். நாய் இல்ல."

சொல்லிவிட்டு நின்றார். ஆனந்தி கம்பைப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி தணிகாசலம் வரமாட்டார் என்று அண்ணிக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "இன்னா தம்பி, சும்மா நின்னுகினு கீற? அந்தாளு இல்லன்னா நீ இல்ல? திருப்பி சொல்லு."

சொன்னேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு, தண்ணி டேங்க், பி பிளாக், மூணாவது மாடி, மூணாவது ஊடு, லிஃப்ட் ஓடாது, ஏற முடியலைன்னா கீழே நின்னு குரல் குடுக்கணும்.

"தப்பு" என்றார் அண்ணி. "நாயை உட்டுட்ட. மறுபடி."

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். நாய் இல்ல என்பதையும் சொன்னேன்.

"சரி" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கரையை நோக்கி நடந்தார்.